கில்லஸ்பி விழுந்த குன்று: நாலாபானி, 1814

"வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியை அடக்கிய கர்னல் கில்லஸ்பி அப்புறம் என்ன ஆனார்? நேபாள எல்லையில் ஏதோ ஒரு சின்னச் சண்டையில் செத்துப்போனார் என்று ஒரே ஒரு வரி படித்தேன். அது என்ன சண்டை? அவ்வளவு அனுபவசாலி அங்கே போய் எப்படி மாட்டினார்? கல்லறை எங்கே இருக்கிறது?" இதுதான் கேள்வி.

அந்தச் சண்டையின் பெயர் நாலாபானி. ஆங்கிலேயர் ஆவணங்களில் கலுங்கா, கலங்கா என்று பலவிதமாக எழுதியிருப்பார்கள். நேபாளிகள் கலங்கா என்பார்கள். பாசறை, படை தங்கும் இடம் என்று பொருள். கில்லஸ்பி செத்தது 1814 அக்டோபர் 31 அன்று, காலை வேளையில். இடம் இன்றைய டேராடூன். அன்றைக்கு அது கோர்க்கா அரசின், அதாவது அன்றைய நேபாளத்தின், கையில் இருந்ததால் எல்லை. இன்றைக்கு நேபாள எல்லை அங்கிருந்து வெகு கிழக்கே போய்விட்டது. நாலாபானியோ டேராடூனை ஒட்டிய ஒரு காட்டுக் குன்று.

வேலூர்க் கதை தெரிந்ததுதான் என்றாலும் ஒரு விஷயத்துக்காகத் திரும்பச் சொல்கிறேன். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்பே கோட்டையில் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். கில்லஸ்பி இருந்தது ஆற்காட்டில், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி. செய்தி வந்ததும் 19-ஆம் டிராகூன் குதிரைப்படையில் கிடைத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு, பீரங்கிகளைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, முன்னால் பாய்ந்து வந்தார். மதில் மேல் மிச்சமிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கயிறு போட்டு அவரை மேலே தூக்கினார்கள். பின்னால் வந்த குதிரைப் பீரங்கிகள் கதவை உடைத்தன. அதன்பின் உள்ளே நடந்தது சண்டை இல்லை, படுகொலை. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். காலைச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: காத்திருக்காமல் போனார், முன்னால் நின்றார், கதவை உடைத்தார், ஜெயித்தார். ஜாவாவிலும் இதே கதைதான். 1811-ல் பட்டாவியாவுக்கு அருகே டச்சுக்காரர்களின் மீஸ்டர் கார்னலிஸ் அரணைப் பிடித்தபோதும், 1812-ல் யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனைக் கோட்டையைப் பிடித்தபோதும் முன்வரிசையில் இருந்தவர் அவர்தான். எட்டு வருஷமாக ஒரே மருந்து எல்லா நோய்க்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

சரி, கோர்க்காக்கள் எங்கே வந்தார்கள்? நம் ஊரில் கூர்க்கா என்றால் ராத்திரி விசிலடித்துக்கொண்டு போகிறவர் முகம்தான் வரும். 1814-ல் அந்தப் பெயர் இமயமலை அடிவாரம் முழுக்க அச்சம் தரும் பெயர். கோர்க்கா அரசு 1790 வாக்கில் குமாவூனை எடுத்தது. 1804-ல் டேராடூனிலேயே நடந்த குட்புரா சண்டையில் கட்வால் ராஜா பிரத்யும்ன ஷாவைக் கொன்று அந்த நாட்டையும் சேர்த்துக்கொண்டது. மேற்கே சட்லெஜ் ஆறு வரை கை நீண்டது. கீழே சமவெளியில் கிழக்கிந்தியக் கம்பெனியும் அதே காலத்தில்தான் பெருத்துக்கொண்டிருந்தது. மலை முடிந்து சமவெளி தொடங்கும் தெராய் நிலத்தில் புட்வல், ஸ்யூராஜ் என்ற இரண்டு பகுதிகளுக்கு இருவரும் உரிமை கொண்டாடினார்கள். 1814 மே மாதம் புட்வலில் கம்பெனி வைத்த போலீஸ் சாவடிகளைக் கோர்க்காக்கள் தாக்கிக் காவலர்களைக் கொன்றார்கள். கவர்னர் ஜெனரல் மோய்ரா பிரபுவுக்கு அது போதுமானதாக இருந்தது. காட்மாண்டுவில் அதிகாரம் பீம்சேன் தாபாவின் கையில். அவரும் இறங்கி வருகிற ஆள் இல்லை.

கம்பெனி நான்கு படைகளை நான்கு வழியாக அனுப்பியது. மேற்குக் கோடியில் ஆக்டர்லோனி, கிழக்கே மார்லி, நடுவில் வுட். மீரட்டிலிருந்து கிளம்பிய படைக்குத் தலைவர் நம்ம மேஜர் ஜெனரல் கில்லஸ்பி. அவரிடம் ஏறக்குறைய 3,500 பேர். சிவாலிக் மலையைத் தாண்டி டூன் பள்ளத்தாக்கில் இறங்கி, டேராவைப் பிடித்து, அங்கிருந்து மலைக்குள் போகவேண்டும். டூனைப் பிடிப்பது ஒரு நாள் வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

டூனில் கோர்க்காக்களின் தலைவர் பலபத்ர குன்வர். வயது இருபதுகளில். கையில் ஏறக்குறைய 600 பேர், அதுவும் பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துத்தான். திறந்த வெளியில் இருக்கிற டேரா ஊரைக் காப்பாற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும். ஊரை விட்டுவிட்டு, வடகிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி நாலாபானிக் குன்றில் ஏறிக்கொண்டார். அடிவாரத்திலிருந்து 500, 600 அடி உயரம். சரிவெல்லாம் சால மரக் காடு. உச்சியில் நீண்ட மேடு, அதன் உயர்ந்த முனையில் ஒரு சின்னக் கல் கோட்டை. கோட்டை என்பதே பெரிய வார்த்தை. சுவர் முழுதாக முடியக்கூட இல்லை. அடிகள் விழ விழ உயர்த்திக்கொண்டே போனார்கள், இடைவெளிகளை மரத்தால் அடைத்தார்கள். ஒரு குறை மட்டும் தீரவில்லை. உள்ளே கிணறு கிடையாது. தண்ணீர் வெளியே இருக்கும் ஊற்றிலிருந்து வரவேண்டும். நாலாபானி என்ற பெயரிலேயே பானி, அதாவது தண்ணீர், இருக்கிறது. அது நல்ல தண்ணீர் என்று டூன் முழுக்கப் பேர். ஆனால் அது மதிலுக்கு வெளியே.

அக்டோபர் 24 அன்று கர்னல் மாபி முன்படையோடு டேராவுக்கு வந்தார். அன்று ராத்திரியே, சரணடையச் சொல்லிப் பலபத்ருக்குக் கடிதம் அனுப்பினார். இந்த நேரத்தில் கடிதம் வாங்குவதும் பதில் எழுதுவதும் வழக்கமில்லை, ஆங்கிலேய சாகிபுக்கு என் சலாம் சொல்லுங்கள், சீக்கிரம் அவருடைய முகாமுக்கே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பலபத்ரர் கடிதத்தைக் கிழித்துப் போட்டாராம். இந்தக் கதையைச் சொன்னது நேபாளப் பாட்டிகள் அல்ல, ஆங்கிலேயர் குறிப்புகள்தான். அதனால் நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரியைப் பற்றி இவ்வளவு அழகான வசனத்தைச் சும்மா யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

மறுநாள் மாபி குன்றில் ஏறிப் பார்த்தார், கொஞ்சம் சுட்டுப் பார்த்தார், இது நம்மால் ஆகாது என்று சகாரன்பூருக்கு ஆள் அனுப்பினார். கில்லஸ்பி அக்டோபர் 26 அன்று வந்து சேர்ந்தார். முப்பதாம் தேதி குன்றின் மேட்டில் பீரங்கிகளை ஏற்றி நிறுத்தினார்கள். திட்டம் காகிதத்தில் நன்றாகவே இருந்தது. நான்கு படைப்பிரிவுகள் நான்கு திசையிலிருந்து ஒரே நேரத்தில் ஏறும்; பீரங்கி வெடித்து அடையாளம் கொடுத்ததும், ஒவ்வொன்றும் தன் தூரத்தைக் கணக்குப் போட்டு, சேர்ந்தாற்போல் கோட்டையில் மோதும்; ஐந்தாவது ஒரு பிரிவு கையிருப்பாக நிற்கும்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் நடந்தது வேறு. பீரங்கிகள் கொஞ்ச நேரம் அடித்தன, சுவர் அசையவில்லை. நினைத்த நேரத்துக்கு முன்பே அடையாளம் கொடுக்கப்பட்டது. குன்றைச் சுற்றிப் போன மூன்று பிரிவுகளுக்கு அது காதில் விழவே இல்லை, அல்லது அடையாளம் என்று புரியவில்லை. மலைக்காடு அப்படி, பக்கத்து ஓடையில் வெடித்தாலும் எங்கோ இடி இடித்த மாதிரி இருக்கும். கர்னல் கார்ப்பெண்டரின் பிரிவும் கையிருப்புப் பிரிவும் மட்டும்தான் மேலே ஏறின. அதாவது சுற்றி வளைத்துத் தாக்க வேண்டிய படை ஒரே பக்கமாகப் போய் முட்டியது.

கோட்டையின் ஒரு சின்ன வாசலில் கோர்க்காக்கள் ஒரு பீரங்கியை வைத்திருந்தார்கள். சுவரோரமாக ஓடி வருகிறவர்களைப் பக்கவாட்டில் அடிக்கும்படி அதன் வாய் திரும்பியிருந்தது. சல்லிக்குண்டு. ஏணி தூக்கி வந்தவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். ஏணி போய்விட்டால் சுவரடியில் நிற்கிறவன் வெறும் இலக்கு. மேலேயிருந்து துப்பாக்கி, அம்பு, கல். கல்லை வீசியவர்களில் பெண்களும் இருந்தார்கள். குண்டு மழைக்குக் கொஞ்சமும் பதுங்காமல் மதில் மேல் நின்று கல் எறிந்த பெண்களைக் கண்ணால் பார்த்தோம் என்று தாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு முறை ஏறித் திரும்பியாயிற்று. இந்த இடத்தில் மற்றொரு தளபதியாக இருந்தால் மற்ற மூன்று பிரிவுகள் எங்கே என்று கேட்டு ஆள் அனுப்பி, அன்றைக்கு நிறுத்தியிருப்பார். கில்லஸ்பி தானே முன்னால் போனார். குதிரையை விட்டு இறங்கிய 8-ஆம் டிராகூன்கள் நூறு பேர் போல அவரோடு. 53-ஆம் படையைச் சேர்ந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பின்னால் வரச் சொன்னார், அவர்கள் தயங்கினார்கள். வாசலுக்கு முப்பது கஜம் இருக்கும்போது, திரும்பி நின்று, ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் வாளையும் ஆட்டி "வாருங்கள்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நெஞ்சில் ஒரு குண்டு. அங்கேயே முடிந்துவிட்டது. வயது 48.

அவர் அயர்லாந்தில் டவுன் மாவட்டத்துக் கோம்பர் ஊர்க்காரர். "டவுனின் மானத்துக்காக இன்னும் ஒரு தடவை" என்று கத்திக்கொண்டே விழுந்தார் என்று அவர் ஊரில் சொல்வார்கள், அங்கே பெரிய தூணும் எழுப்பியிருக்கிறார்கள். அந்த இரைச்சலில் யார் காதில் விழுந்தது என்று எனக்குச் சந்தேகம்தான். இன்னொரு வேடிக்கை: கம்பெனி அதிகாரபூர்வமாகப் போர்ப் பிரகடனம் செய்தது நவம்பர் 1-ல். போர் அறிவிக்கப்படுவதற்கு முந்தின நாளே அதன் நான்கு தளபதிகளில் ஒருவர் செத்திருந்தார். லண்டனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதற்குள், 1815 ஜனவரி முதல் தேதியில் அவருக்குச் 'சர்' பட்டமும் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மட்டும் கம்பெனிப் பக்கம் செத்தவர்கள் 30-க்கு மேல், காயம்பட்டவர்கள் 200-க்கு மேல். மாபி இறங்கி வந்து டேராவில் உட்கார்ந்துவிட்டார். டெல்லியிலிருந்து முற்றுகைப் பீரங்கிகள் வந்து சேர நவம்பர் 24 ஆயிற்று. இந்தத் தடவை பெரிய குண்டுகள் சுவரில் உண்மையாகவே ஓட்டை போட்டன. இருபத்தேழாம் தேதி அந்த உடைப்பின் வழியாக ஏறச் சொன்னார்கள். உடைப்பின் மேல் ஏறி நின்றால் உள்பக்கம் நேராகக் குதிக்க வேண்டிய பள்ளம். எதிரே வரிசையாகத் துப்பாக்கிகள். ஒரு லெப்டினன்ட் குதித்தார், செத்தார். பின்னால் இருந்தவர்கள் நின்ற இடத்தில் நின்றபடி மணிக்கணக்கில் சுடப்பட்டார்களே தவிர யாரும் குதிக்கவில்லை. அன்றைய கணக்கு முதல் நாளைவிட மோசம்: 400-க்கு மேல் காயம்.

இதற்குப் பிறகுதான் மாபிக்கு முதல் நாளே வந்திருக்க வேண்டிய யோசனை வந்தது. ஏறுவதை விட்டுவிட்டு ஊற்றுத் தண்ணீரை மறித்தார். பீரங்கியால் இடைவிடாமல் அடித்தார். உள்ளே சேமித்து வைத்திருந்தது மண்பானைத் தண்ணீர். குண்டு வெடித்தால் ஆள் தப்பிக்கலாம், பானை தப்பிக்காது. கூரையோ பதுங்கு குழியோ இல்லாத சின்ன இடம். கல்லில் பட்டுத் தெறிக்கும் சில்லே குண்டைவிட அதிகம் கொன்றது. மூன்று நாள்.

அந்த முற்றுகை நாட்களில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். கோட்டையிலிருந்து ஒரு ஆள் கையை ஆட்டிக்கொண்டே தனியாக இறங்கி வந்தான். பீரங்கிக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது: கீழ்த்தாடை குண்டு பட்டுச் சிதறியிருந்தது. வைத்தியம் பார்க்கச் சொல்லி எதிரியின் முகாமுக்கு வந்திருக்கிறான். பார்த்தார்கள், பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறினான். வெளியே விடும்போது என்ன வேண்டும் என்று கேட்டால், என் படைக்குத் திரும்பிப் போகவேண்டும், மறுபடியும் உங்களோடு சண்டை போடவேண்டும் என்றான். அவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் கோர்க்காக்களைத் தங்கள் படைக்கு எடுத்தால் என்ன என்று யோசிக்கத் தொடங்கியதற்கு எந்த அறிக்கையையும்விட இந்த மாதிரி ஆட்கள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

நவம்பர் 30, விடிவதற்கு முன் இருட்டில், பலபத்ரர் மிச்சமிருந்த எழுபது பேரோடு வெளியே வந்தார். சுற்றிக் காவல் இருந்த வரிசையை அறுத்துக்கொண்டு மலைக்குள் போய்விட்டார். பிடிக்க முடியவில்லை. கோட்டையை நானாகத்தான் விடுகிறேன், உங்களால் பிடிக்க முடியாது என்று கத்திவிட்டுப் போனார் என்பது நேபாளத்துக் கதை. உள்ளே போன கம்பெனிச் சிப்பாய்கள் பார்த்தது வேறு. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பிணங்கள், நடுவே கையிழந்தவர்களும் காலிழந்தவர்களும், தண்ணீர் தண்ணீர் என்று முனகிக்கொண்டு உயிரோடு இருந்த பெண்கள், பெற்றோரை இழந்த குழந்தைகள். நாற்றத்தில் நிற்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பிணங்களை எரித்தார்கள், கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். இரண்டு தாக்குதலிலும் சேர்த்துக் கம்பெனிக்குச் சேதம் 700-க்கு மேல். உள்ளே இருந்த மொத்த ஆட்களைவிட அது அதிகம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, எப்படி மாட்டினார் என்பது. கோர்க்கா வீரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. வீரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வேலூரையும் நாலாபானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலூரில் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்துவிட்டு, யார் தலைவர் என்று முடிவாகாமல், கொள்ளையில் இறங்கிக் கலைந்துபோயிருந்தார்கள். அங்கே ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கில்லஸ்பிக்குத்தான் நஷ்டம். அவசரமே அங்கே சரியான தந்திரம். நாலாபானியில் அவசரப்பட ஒன்றுமே இல்லை. எதிரி எங்கும் போகப்போவதில்லை, அவனுக்கு உதவி வரப்போவதில்லை, உள்ளே தண்ணீர் இல்லை, தலைவன் மட்டும் தெளிவாக இருக்கிறான். ஊற்றை மறித்துவிட்டுக் கீழே உட்கார்ந்து ஒரு வாரம் சமைத்துச் சாப்பிட்டிருந்தால் போதும். காத்திருப்பது மட்டும் அந்த மனிதருக்கு வரவே வராது. பழைய வெற்றிகள் ஒவ்வொன்றும் அவருக்கு அதே பாடத்தையே சொல்லிக் கொடுத்திருந்தன.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, நேபாளத்தில் இதைப் பேசும்போது பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கட்வால்காரர்களுக்குக் கோர்க்காக்கள் மீட்பர்கள் இல்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷ ஆட்சியைக் கோர்க்யாணி என்று இன்றும் கசப்போடுதான் சொல்வார்கள். வரி கட்ட முடியாத குடும்பங்களை ஹரித்துவாரில் அடிமையாக விற்ற காலம் அது. பலபத்ரரின் 600 பேர் ஊர்க்காரர்களின் உதவி எதுவும் இல்லாமல் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே அந்த எதிர்ப்பை எடை போடவேண்டும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்டர்லோனி மட்டும் அவசரப்படாத ஆள். பீரங்கிக்குப் பாதை வெட்டி வெட்டி நகர்ந்து, 1815 மே மாதம் மலாவுனில் கோர்க்காத் தளபதி அமர்சிங் தாபாவைப் பணிய வைத்தார். போரை முடித்த சுகௌலி உடன்படிக்கை 1816 மார்ச்சில் உறுதியாயிற்று. குமாவூன், கட்வால் உட்படக் காளி ஆற்றுக்கு மேற்கே இருந்த அத்தனையும் நேபாளத்தின் கையை விட்டுப் போனது. போர் முடிவதற்குள்ளேயே, 1815-ல், கம்பெனி கோர்க்காக்களை வைத்துப் பட்டாளங்கள் திரட்டத் தொடங்கிவிட்டது. அவற்றில் சிர்மூர் பட்டாளத்தைத் திரட்டிய பிரெடரிக் யங், நாலாபானியில் கில்லஸ்பியோடு இருந்த இளம் அதிகாரி. பலபத்ரர் கம்பெனிப் பக்கம் வரவில்லை. லாகூர் போய் ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்தார். 1823-ல் நவ்ஷேரா சண்டையில் ஆப்கானியரோடு மோதிச் செத்தார். வெளிநாட்டுப் பட்டாளத்துக்குப் போகிறவனை நேபாளத்தில் இன்றும் 'லாகுரே' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவன் போவது லண்டனுக்கானாலும்.

டேராடூன் போனால் சகஸ்ரதாரா சாலைப் பக்கம் ரிஸ்பனா ஆற்றங்கரையில் இரண்டு வெள்ளைத் தூண்கள் நிற்கும். இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஒன்று கில்லஸ்பிக்கும் அவரோடு செத்தவர்களுக்கும். மற்றது "நம் வீர எதிரி" பலபத்ருக்கும் அவருடைய கோர்க்காக்களுக்கும். தங்களைத் தோற்கடித்தவனுக்குக் கம்பெனி வைத்த தூண் அது. குன்றின் மேலே காட்டுக்குள் கலங்கா நினைவிடம் தனியாக இருக்கிறது, வருஷா வருஷம் கோர்க்கா சமூகத்தினர் அங்கே கலங்கா மேளா நடத்துகிறார்கள். 2024-ல் குடிநீர்த் திட்டம் ஒன்றுக்காக அந்தக் காட்டில் ஏறக்குறைய 2,000 சால மரங்களை வெட்டக் குறித்தபோது ஊரே திரண்டு போய்த் தடுத்தது. அந்தக் குன்றில் மறுபடியும் தண்ணீர்ப் பிரச்சினை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கல்லறை டேராடூனில் இல்லை. உடலை அவருடைய படை கிளம்பிய ஊருக்கே கொண்டுபோனார்கள். வேலூர்ப் புரட்சியை அடக்கியவர் கிடப்பது மீரட்டில், புனித ஜான் கல்லறைத் தோட்டத்தில்.